கடல் பூஞ்சை

மலைமேல் இருக்கும் எங்கள் பூண்டியில் நான் போய் இறங்கியபோது கலைமணி அக்கா பின்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் விட்டிருந்தாள். பூசணம் பிடித்த கேரட்டுகள் தண்ணீரில் மிதந்தன.

"என்னக்கா இது?"

"ஒன் மருந்துதான்டி. கடல் தண்ணின்னா உப்புத் தண்ணிதான? கல்லுப்பைக் கரைச்சேன். பூஞ்சைக்கா இங்க பஞ்சம்!" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு வந்தபோது பீற்றிக்கொண்டவள் நான்தான். தூத்துக்குடி ஆய்வகத்தில், கடலடிப் பாறையில் ஒட்டி வளரும் பஞ்சுயிருக்குள் வாழும் ஒரு பூஞ்சையிலிருந்து நாங்கள் பிரித்தெடுத்த பொருள் வீக்கத்தைத் தணிக்கிறது என்று போனில் படம் காட்டினேன். கண்ணாடித் தட்டில் வளர்த்த எலிச் செல்களில்தான் தணிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் என் பெருமை குறைந்துவிடுமே! "ஆஸ்பத்திரி மாத்திரை வயித்தை அரிக்கும்க்கா, எங்களுது அரிக்காது" என்று வேறு அளந்தேன். பாழாய்ப்போன வாய்.

அக்கா கைகளை எடுத்துச் சேலையில் துடைத்தாள். விடியுமுன் எழுந்து, குளிர்ந்த தண்ணீரில் ஊரார் கேரட்டையெல்லாம் கழுவி என்னைப் படிக்கவைத்த கைகள். இப்போது முடக்குவாதத்தில் விரல்கள் அத்தனையும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

"மாத்திரை சாப்பிடுறியா?"

"அதை நிறுத்தி ரெண்டு வருசமாச்சு. நீதான் கொண்டாந்துருவியே. ஆஸ்பத்திரி டாக்டரம்மா மனசு நோகக் கூடாதுன்னு மாசாமாசம் போயி வாங்கியாந்து வச்சிருக்கேன்."

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அது மனுசருக்கு மருந்தா வர பத்துப் பதினஞ்சு வருசம் ஆகும்க்கா. வராமலே போனாலும் போகும். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அக்கா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்த வெரலு நிமுராதா?"

"இன்னும் கோணாம வேணா பாத்துக்கலாம். நாளைக்கு வெள்ளனே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். டின் நிறையப் பிரிக்காத மாத்திரை அட்டைகள். புதிதாய்த் தெரிந்த ஒன்றை எடுத்துப் பிதுக்கப் பார்த்தாள். கட்டைவிரல் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. அட்டையை என் மடியில் போட்டாள்.

"நீ பிரிச்சு வையி. இந்தத் தண்ணிக்கு வலி கொஞ்சம் கேட்ட மாதிரிதான்டி இருந்துச்சு" என்றபடி கைகளைத் திரும்ப வாளிக்குள் விட்டாள். விலகிப்போன கேரட்டுகள் மெல்ல வந்து அவள் மணிக்கட்டைச் சுற்றிக் கூடின.