விரல் சோதனை

1962 கடைசியில், சீன எல்லையில் சண்டை வந்தபோது, நெய்வேலி டவுன்ஷிப்பின் மாதர் சங்கமும் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னக் கிளம்பியது. மார்கழிக்கே ஒரு போர்வை போதும் என்கிற ஊர் இது. ஸ்வெட்டர் போட்ட ஆளைப் படத்தில் பார்த்தவர்கள்தான் அதிகம்.

பாளையங்கோட்டைக் கான்வென்டில் பின்னல் படித்தவள் புஷ்பவல்லி ஒருத்திதான். மைன்ஸ் ஃபோர்மேன் அய்யாசாமியின் மனைவி. சரக்கின் தரம் பார்க்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. அவளும் தலையைச் சற்று உயர்த்தித்தான் வாங்கிக்கொண்டாள்.

கம்பளி நூல் வந்ததும் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பாள். ஊசிகள் எல்லாம் ஒரே பருமன்தானா என்று உருட்டிப் பார்ப்பாள். பாதி பின்னியதும் ஒரு பார்வை, முடித்ததும் ஒரு பார்வை. கடைசியில் விரல் சோதனை. ஸ்வெட்டரை இழுத்துப் பிடித்துச் சுண்டுவிரலை விடுவாள். உள்ளே போனால், பிரித்து மறுபடி பின்ன வேண்டும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது.

தனகோட்டியின் ஸ்வெட்டரில் விரல் போனது. அவள் பக்கத்துக் கம்மாபுரத்துக்காரி, புருஷன் மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. தம்பி பட்டாளத்தில், அந்த எல்லைப் பனியில்தான் இருந்தான். அதனாலேயே கேட்டு வந்து பின்னக் கற்றுக்கொண்டவள். பொத்தலுக்குள் இரண்டு விரலை விட்டு ஆட்டிக் காட்டி, “இதைப் போட்டுக்கிட்டா குளிர் உள்ள வந்து குடித்தனமே நடத்தும்” என்றாள் புஷ்பவல்லி. கூடம் முழுக்கச் சிரித்தது. தனகோட்டி ஸ்வெட்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

மற்ற ஸ்வெட்டர்கள் தேறின. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுச் சமையல் வாசனை, விரல் பட்ட கரி. இப்படியேவா ஜவானுக்கு அனுப்புவது? மூட்டையாகக் கட்டி வண்ணாரிடம் கொடுத்து, சோடா உப்பு போட்டு நன்றாக வேகவைத்து, அடித்துத் துவைத்துத் தரச் சொன்னாள். கான்வென்டில் பின்னத்தான் கற்றுக்கொடுத்தார்கள், துவைக்க அங்கே ஆயாக்கள் இருந்தார்கள். கம்பளியைக் கண்ணால் பார்த்திராத வண்ணாரும் வேட்டியைத் துவைப்பதுபோல் துவைத்துக் கொடுத்தார்.

ஸ்வெட்டர்களை ஏற்றிக்கொண்டு கடலூருக்கு லாரி புறப்படும் நாள் காலையில், கூடத்தில் எல்லோர் முன்னாலும் மூட்டையை அவிழ்த்தாள். அத்தனையும் வெந்து சுருங்கி, தடித்து, மூன்று வயதுப் பிள்ளைக்குத்தான் ஆகும் என்று கிடந்தன. ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தாள். இம்மியும் நீளவில்லை. பக்கத்து வீட்டுத் தமயந்தி தான் பின்னியதைத் தேடி எடுத்து மடியில் வைத்துத் தடவினாள். மற்றவர்களும் குவியலில் தங்களுடையதைத் தேடினார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது புஷ்பவல்லிக்கு.

அந்த நேரம் பார்த்துத் தனகோட்டி வந்தாள். பிரித்துப் பின்னிய ஸ்வெட்டர் கையில் இருந்தது. குவியலைப் பார்த்து, அதில் ஒன்றை எடுத்து விரித்தாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

“பட்டாளத்துல பசங்களும் இருக்குதாங்க?”

புஷ்பவல்லிக்கு வேறு வழியில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

“இல்ல தனகோட்டி. நான்தான் வேகவைக்கச் சொன்னேன். எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேன்.”

தனகோட்டி கையிலிருந்ததை மெதுவாகக் குவியலில் வைத்தாள். தன்னுடையதை நீட்டினாள்.

“ஷிப்டு முடிஞ்சி அவரு தூங்கறப்பலாம் ஒக்காந்துகினு பின்னனேங்க. வெரலு போவுதா பாருங்க. நீங்க சரின்னாத்தான அனுப்புவாங்க.”

வேண்டாம், அப்படியே வைத்துவிடு என்றாள் புஷ்பவல்லி. தனகோட்டி கேட்கவில்லை. தம்பியிருக்கும் இடத்துக்குப் போகிற சரக்கு, பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, புஷ்பவல்லி சுண்டுவிரலை நீட்டினாள். கழுத்து, தோள், கை என்று ஒவ்வொரு இடமாக இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். எங்கேயும் உள்ளே போகவில்லை. லாரியில் அது ஒன்றுதான் போனது.

வீணாகக் கூடாதென்று மற்றவற்றைத் தாய்மார்கள் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டார்கள். அந்தத் தை மாதம் முழுக்க டவுன்ஷிப்பின் பிளாக் தெருக்களில் பாசிப்பச்சை ஸ்வெட்டர் போட்ட வாண்டுகள் வேர்க்க விறுவிறுக்கச் சண்டை விளையாடினார்கள். காய்கறிப் பையோடு புஷ்பவல்லி வருவதைப் பார்த்தால் வரிசையாக நின்று சல்யூட் அடிப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவாள்.