சலிக்காத மண்

கொத்தனாரின் மனைவி பதினான்காவது மாதமும் கர்ப்பமாகவே இருந்தாள். அதில் தெருவுக்கு இப்போது ஆச்சரியம் ஒன்றும் மிச்சமில்லை. பத்து மாதம் தாண்டியபோது கூடிக்கூடிப் பேசியவர்கள், வருஷம் திரும்பியதும் வெயிலைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மேஜைமேல் படுக்கவைத்து டாக்டர் கத்தியை வைத்தார்; கத்தி மழுங்கியது. வேறு கத்தி வந்தது. அதுவும் வெண்ணெய் வெட்டத்தான் லாயக்கு என்று ஆனது. "குழந்தை நல்லாத்தான் இருக்கு. வலி நிக்காம வந்தா கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். வலி ஏன் வந்து வந்து நின்றுவிடுகிறது என்பது கொத்தனாருக்குத் தெரியும். காரணம் அவர் வீட்டுப் பின்னறையில், தகரத் தொட்டிக்குள், வயிறு நிறைய முட்டையோடு கிடந்தது.

அந்த உடும்பை அவர் தேடிப் போகவில்லை. பழைய கிடங்கு ஒன்றை இடிக்கும்போது சுவருக்குள் இருந்தது. அவர் போட்ட கடப்பாரை அதன் பின்னங்காலை நசுக்கிவிட்டது. வெளியே விட்டால் நாய்க்குத் தீனி. கூட நின்ற ஆட்கள் அடித்துத் தின்றுவிடலாம் என்றார்கள். வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளைத்தாய்ச்சியை எப்படி அடிப்பது? சிமெண்ட் சாக்கில் போட்டுத் தூக்கிவந்தார். மனைவிக்கு அப்போது ஒன்பது முடிகிற சமயம். வந்த அன்றே உடும்பு தொட்டி மூலையைப் பிறாண்டியது. அதே தாளத்தில் அவள் வயிற்றுக்குள்ளிருந்தும் பிறாண்டும் சத்தம் கேட்டது. வலி எடுத்தது. உடும்பு நிறுத்தியது, வலியும் நின்றது. அன்று தொடங்கிய கணக்கு, அதற்குப்பின் ஒருநாளும் தப்பவில்லை.

மாட்டு டாக்டர் வந்து உடும்பின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "அதுக்கு இடம் பிடிக்கணும். பிடிக்கலேன்னா முட்டையை உள்ளேயே அடக்கிக்கும். அப்படியே செத்துப்போயிடும்."

"செத்தா என்னங்க பண்றது?" மனைவியின் முகம் கண்முன் வரக் கொத்தனார் கேட்டார்.

"புதைச்சிடுங்க" என்றார் மாட்டு டாக்டர், உடும்பை மனதில் வைத்து.

கொத்தனாருக்கு மண் விஷயத்தில் ஒரு கர்வம் உண்டு. சலிக்காத மணலைத் தொடமாட்டார். ஆற்று மணலைக் கொண்டுவந்து, கழுவி, வெயிலில் காயவைத்து, இரண்டு சல்லடையில் சலித்து, சர்க்கரைபோல ஆக்கி உடும்புக்குக் கொடுத்தார். முதலில் தொட்டியில் கொட்டினார். பிறகு பீப்பாயில். பிறகு செங்கல் வைத்துக் கட்டிய கூண்டில். கடைசியில் பின்னறை முழுக்க இடுப்பளவு. ஒவ்வொரு தடவையும் உடும்பு ஆவலாக இறங்கும், ஒரு முழம் தோண்டும், மேலே இருக்கிற மணல் சரசரவென்று சரிந்து மூடும். பின்பக்கமாகவே வெளியே வந்து, தலையை உதறி, வேண்டாத சம்பந்தம் வந்த வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோலத் திருப்பிக்கொள்ளும். அடுத்த அறையில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தவளுக்கு வலி பாதியில் அறுந்துவிடும். அழுவாள். கண்ணீரும் பாதிக் கன்னம்வரை வந்து நின்றுவிடும். துணியால் ஒற்றித்தான் எடுக்கவேண்டும்.

மனைவியின் அக்கா பஸ் கண்டக்டர். லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினாள். "எறங்க வேண்டிய ஸ்டாப்பு எப்பவோ போயாச்சு, இன்னும் உள்ளேயே குந்தியிருக்கியா?" என்று தங்கையின் வயிற்றை அதட்டினாள். கொத்தனாரிடம் திரும்பினாள். "என்ன மாப்பிள்ளை, ஊர்ல இருக்கிறவனெல்லாம் உடும்பு வேண்டாம், கையை விட்டாப் போதும்பான். நீங்க அதுக்கு மாளிகை கட்டிக்கிட்டிருக்கீங்க?" கொத்தனார் சிரிக்கவில்லை. அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது. உடும்பின் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வந்திருந்தது. கண் உள்ளே போய்விட்டது. மனைவிக்கும் அப்படியே. வயிற்றுக்குள்ளிருந்து வரும் பிறாண்டல், காகிதத்தின்மேல் எறும்பு நடப்பதுபோல மெலிந்துகொண்டே வந்தது.

வீட்டில் கொத்தனாருக்கு ஓர் அவமானம் இருந்தது. படுக்கையறை மூலை. அந்தச் சுவருக்கு மறுபக்கம் பேக்கரி அடுப்பு. இந்தப் பக்கம் தரைக்கடியில் எங்கிருந்தோ கசிகிற ஈரம். வீடு கட்டும்போது மழைக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்கிற அவசரத்தில் அந்த மூலைக்கடியில் மட்டும் களியும் வேருமாகக் கிடந்த மண்ணை அப்படியே தள்ளி மூடியிருந்தார். ஊருக்கெல்லாம் பூசுகிறவன் வீட்டில் பூச்சு நிற்கவில்லை. உடும்பு எப்போது தப்பித்தாலும் நேராக அங்கேதான் போகும், பிறாண்டும். அவர் அதைத் தூக்கித் தொட்டியில் போட்டுவிட்டு, கரணையை எடுத்து, பிறாண்டிய இடத்தைச் சிமெண்ட் வைத்து மூடுவார். தொழில் புத்தி. நகத்தடம் பதிந்த பழைய பூச்சுக்குமேல் புதுப் பூச்சாக அந்த மூலை மேடுதட்டிப் போயிருந்தது.

அன்று மத்தியானமும் கரணையோடு குனிந்தவரைக் கட்டிலில் கிடந்தவள் பார்த்தாள்.

"அது காட்டுது, நீங்க பூசுறீங்க. காட்டுது, பூசுறீங்க. என்னங்க இது?"

கரணை அந்தரத்தில் நின்றது. "இங்க ஒடைச்சா சுவரு நிக்காதும்மா. கூரையே இதுமேலதான் உக்காந்திருக்கு."

"விழுந்தா விழட்டும். நான் போனப்புறம் நீங்க மட்டும் உக்காந்து பூசிக்கிட்டே இருப்பீங்களா?"

அவர் கரணையை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். அதே கடப்பாரை. தரை உடைந்ததும் கருத்த மண் தெரிந்தது. ஒரு பிடி அள்ளி அழுத்தினார். கையை விரித்தபின்னும் பிடித்த பிடி அப்படியே நின்றது. ஈரம் இருந்தது, பேக்கரிச் சூடும் இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்துபோன படுக்கைபோல. ஆயுள் முழுக்க அவர் அழுக்கு மண் என்று ஒதுக்கி எறிந்த மண். உடும்பை இறக்கிவிட்டார். அது நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தது. தலையை நுழைத்தது. உடம்பு போனது. வால் போனது. மண் சரியவில்லை.

வலி எடுத்தது. நிற்கவில்லை. கூடவே சுவரும் பிளக்க ஆரம்பித்தது. மூலையிலிருந்து மின்னல்போல ஒரு கோடு மேலே ஏறியது, ஓட்டுச்சில் உதிர்ந்தது. கொத்தனாரும் கண்டக்டரும் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாசற்படி தாண்டியதுதான் தாமதம், வலி நின்றுவிட்டது. உள்ளே பிறாண்டலும் நின்றது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரிவர்ஸ்!" என்று கத்தினாள் கண்டக்டர். "பின்னாடி எடுங்க மாப்பிள்ளை, ரிவர்ஸ்!" பிளந்துகொண்டிருந்த சுவருக்கடியிலேயே கட்டிலைப் போட்டார்கள். கொத்தனார் இரண்டு கையையும் சுவரில் ஊன்றி நின்றார், தன்னால் தாங்கமுடியாது என்று யாரைவிடவும் நன்றாகத் தெரிந்த மனுஷன். கைக்கடியில் சுவர் வழுக்கியது. ஒரு சாண் இறங்கியது. அடியிலிருந்து எதுவோ அதைப் பிடித்தது. சுவர் நின்றது. அந்த நொடியில் குழந்தை அழுதது.

"எறங்கியாச்சு" என்றாள் கண்டக்டர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. பெண் குழந்தை. வாயில் நான்கு பல். மூடிய கையை விரித்துப் பார்த்தால் ஒரு பிடி ஈரமண், களியும் வேருமாக. மண்ணைக் கழுவப்போன அக்காவை, கொத்தனார் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

சாயங்காலம் உடும்பு ஒட்டிய வயிற்றோடு வெளியே வந்து, மண்ணைத் தானே தள்ளி வழியை அடைத்து, ஒரு சட்டித் தண்ணீர் குடித்தது. பின்னால் என்ஜினீயர் ஒருவர் வந்து அந்த மூலையில் டார்ச் அடித்துப் பார்த்தார். சுவருக்கடியில் அஸ்திவாரமே இல்லை, இது என்றைக்கோ விழுந்திருக்கவேண்டும் என்றார். ஆமாம் என்று கொத்தனாரும் ஒத்துக்கொண்டார். முட்டைகள் பொரிந்த மாதம் பேக்கரிக்காரர் மாவு மூட்டைமேல் விரல் நீளக் குட்டிகள் வெயில் காய்வதாகச் சத்தம் போட்டார். பிறகு பழகிவிட்டார், எலித் தொல்லை ஒழிந்தது என்று சொல்லிக்கொண்டார். வீடு இன்றும் சாய்ந்தே நிற்கிறது. உருண்டு போகிற எதுவும் அந்த மூலைக்குத்தான் போய்ச் சேரும். குழந்தையும் தவழ்ந்து அங்கேதான் போகும். கொத்தனார் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சுவரில் காதை வைத்துக் கேட்பார். பிடி இருக்கிறது என்று தெரிந்ததும், உடும்புக்குச் சட்டியில் தண்ணீர் ஊற்றிவைத்துவிட்டு, கரணையை எடுத்துக்கொண்டு போவார்.