நிறுத்தி வைத்த படம்

"டிவியத் தூக்கி உள்ள வைங்கப்பா, பெட்டி வர இடம் வேணும்" என்றான் தம்பி. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தும் விட்டார்கள்.

"அது அங்கயே இருக்கட்டும்" என்றாள் அவள்.

அக்காவா இப்படிச் சொல்வது என்று தம்பி திரும்பிப் பார்த்தான். அந்த டிவியை அவள் 'என் சக்களத்தி' என்றுதான் சொல்லுவாள். இப்போது ஏன் தடுத்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. சோபாவை வெளியே போட்டுவிட்டு, குளிர்பெட்டியை டிவிக்கு எதிரே வைத்தார்கள். காலமெல்லாம் ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு உயிர் கொடுத்த அவள் வீட்டுக்காரர் அதற்குள் படுத்திருந்தார். பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. அவர் இருந்திருந்தால் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கேஸ் கம்மி" என்றிருப்பார். இருக்கத்தான் இருக்கிறார், உள்ளே.

மனம் நேற்று மத்தியானத்தையே சுற்றி வந்தது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவர் அதிகம் பேசவில்லை. நேற்றுதான், "ஒன்பதாம் வட்டம் கடைசி பாகம் போடு. நீயும் வந்து உக்காரு" என்றார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த விண்வெளித் தொடர் அது. முடிந்து எத்தனையோ வருஷமாகியும் திரும்பத் திரும்ப முதலிலிருந்து பார்ப்பார். போட்டுக் கொடுத்துவிட்டு, "அடுப்புல பால் இருக்கு, இதோ வர்றேன்" என்று போனாள். பால் பொங்கி வழிந்து, அடுப்பைத் துடைத்து, பாத்திரம் கழுவி வந்தபோது படம் அசையாமல் நின்றிருந்தது. மெக்கானிக் வீட்டில் எது நின்றாலும் முதல் வைத்தியம் பிளக்கைப் பிடுங்குவதுதான். பிடுங்கினாள். அவர் கையைத் தூக்கினார். "தூங்குங்க, அப்புறம் பாக்கலாம்" என்றாள். சாயங்காலம் எழுப்பினால் எழவில்லை.

அந்தக் கையை எதற்குத் தூக்கினார்? தண்ணீருக்கா, வலியா? கேட்காமல் விட்டோமே.

தெரியாத முகங்கள் இரண்டு உள்ளே வந்தன. ஒருத்தி மருந்துக்கடையில் வேலை செய்கிறவளாம். கூட வந்த ஆஜானுபாகு லாரி ஓட்டுகிறவர். இருவரும் அந்தத் தொடருக்கு அவரோடு சேர்ந்த ரசிகர்கள். பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு அவளிடம் வந்தார்கள்.

"அண்ணன் பாத்துட்டாரா அண்ணி?" என்று மருந்துக்கடைக்காரி மெதுவாகக் கேட்டாள்.

"எத?"

"கடைசி பாகத்த. இன்னிக்கு அவகூட பாக்கப்போறேன்னு நேத்து எங்களுக்குச் சேதி அனுப்பியிருந்தாரு."

"அவர் பாக்காததா? அதத்தானே பொழுதன்னிக்கும் பாத்தாரு."

"கடைசி பாகத்த மட்டும் பாத்ததில்ல" என்றார் லாரிக்காரர். "அந்தக் கப்பல்ல, வீட்டுக்குத் திரும்புற கதவு ரெண்டு பேர் சேந்து இழுத்தாத்தான் தொறக்கும். அதனால கடைசி பாகத்த யாரும் தனியா பாக்கறதில்லன்னு எங்களுக்குள்ள ஒரு பழக்கம். நாங்கல்லாம் ஆளுக்கொரு ஜோடி பிடிச்சு எப்பவோ பாத்துட்டோம். என்கூட உக்காருங்கண்ணேன்னு நானே கேட்டேன். அவ வந்தாத்தான்னுட்டாரு. அவருக்காக முடிவச் சொல்லாம இத்தன வருஷமா வாய மூடிட்டு இருக்கோம்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "படம்தான் சிக்கிடுச்சே" என்றாள்.

"எந்த எடத்துல?"

"கறுப்பா, நட்சத்திரமா இருந்துச்சு. ஏதோ எழுத்து."

மருந்துக்கடைக்காரி லாரிக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "அது ஆரம்பத்துல பேர் போடுற எடம் அண்ணி. சிக்கல. நீங்க வரட்டும்னு நிறுத்தி வச்சிருப்பாரு."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? பிறகு யோசித்தால், சொல்லாமலும் இல்லை. "வாயேன், ஒண்ணே ஒண்ணு பாக்கலாம்" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். "அந்தக் கண்றாவி எனக்கு எங்க புரியும்?" என்று அவள்தான் பாத்திரத்தோடு போய்விடுவாள். ஆசையாகத்தான் கூப்பிட்டிருக்கிறார் மனுஷர். நேற்று கையைத் தூக்கியதும் பிடுங்காதே என்று சொல்லத்தான்.

"அம்மா, வண்டி வந்துடுச்சு" என்று மகள் வந்து நின்றாள்.

"முக்கால் மணி நேரம் இருக்கச் சொல்லு."

எழுந்துபோய் பிளக்கை மாட்டினாள். ஒரு நாற்காலியை இழுத்துப் பெட்டியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றான் தம்பி.

"சொல்லட்டும். நீ கொஞ்சம் தள்ளு, மறைக்குது."

தம்பி தள்ளி நின்றான். கறுப்பும் நட்சத்திரமும் வந்தன, பேர் வந்தது. அவள் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். நரைத்த தலையோடு ஒருவன் நீளமான நடைவழியில் தனியாக வந்துகொண்டிருந்தான். அவள் பெட்டிப் பக்கம் சாய்ந்தாள்.

"இவன் யாருங்க? நல்லவனா, கெட்டவனா?"

வாசலில் நின்ற லாரிக்காரர் வாயைத் திறந்தார். மருந்துக்கடைக்காரி அவர் கையைப் பிடித்தாள். திரையில் அவன் நடந்து கதவுக்கு முன்னால் வந்து நின்றான்.