காளீஸ்வரன் வண்டியில் ஏற்றிய சத்தம்

காளீஸ்வரனின் பிக்கப் வண்டியில் கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த பாட்டுப்பெட்டி பேருக்குத்தான் பாட்டுப்பெட்டி. கதவுக்கு ஒரு ஸ்பீக்கர். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஜலதோஷம் பிடித்தவன் முனகுகிற மாதிரியே வரும். சிவகாசியில் லோடுக்குக் காத்து நிற்கிற டிரைவர்கள் அதைச் சொல்லிக் கேலி பண்ணாத நாளில்லை. ஆனால் அந்தக் கேலியால் அவன் பெட்டியை மாற்றக் கிளம்பவில்லை. அவனைத் தின்றுகொண்டிருந்தது வேறொரு பேச்சு.

முந்தின வருஷம் ஊருக்கு மேற்கே ஒரு பட்டாசு ஆலையில் ஷெட்டுகள் அடுத்தடுத்து வெடித்தபோது, வாசலில் முதலில் போய் நின்றது அவன் வண்டிதான். கருகிக் கிடந்தவர்களை அதில்தான் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். கொஞ்ச நாள் ஊரே அவனைக் கையெடுத்துக் கும்பிட்டது. அப்புறம் மெல்ல மெல்ல வண்டிக்குப் ‘பொணம் ஏத்துன வண்டி’ என்று பேர் வந்துவிட்டது. கல்யாணச் சீர் ஏற்ற அவனைக் கூப்பிடுவது நின்றது. குலசாமி கோயிலுக்குக் கிடாய் ஏற்றிப் போகக்கூட ஆமத்தூரிலிருந்து வேறு வண்டி வந்தது. நல்லது செய்ததற்கு ஊர் கொடுத்த பரிசு இது. நியாயம் கேட்டு யாரிடம் போவது?

புதுப் பெயிண்ட் அடித்துப் பார்த்தான். எலுமிச்சம்பழம் கட்டிப் பார்த்தான். பேர் போகவில்லை. வழியெல்லாம் பாட்டு கொட்டிக்கொண்டே போனால் அந்தப் பேச்சு கரைந்துபோகும் என்று கடைசியில் ஒரு நம்பிக்கை வந்தது.

தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த ஒரு நாள், சிவகாசியில் ஹாமித் கடையில் வண்டியை விட்டான். ஹாமித் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புது சிடி பிளேயர் வைத்தான். கதவுகளுக்கு வேறு ஸ்பீக்கர், சீட்டுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர், அதை ஒட்டி, கும்கும்மென்று அதிரவைக்க ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு பேஸ் பெட்டி. சாவியைத் திருப்பினால் எல்லாம் தானாக உயிர்பெறும்படி வயரை இழுத்துவிட்டு, வெறும் மேள அடி மட்டும் இருக்கிற ஒரு சிடியைச் சோதனைக்குப் போட்டான். சத்தத்தைப் பாதிக்கு மேல் கூட்டவில்லை.

“முழுசா வச்சுப் பாக்கணும்னா வெளிக்காட்டுல போய் வைங்கண்ணே. இங்கன வச்சா தெருவே வெளிய வந்துரும்” என்றான்.

சரக்கின் பெருமையைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக் காளீஸ்வரன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். பெருமைப்படுகிற நேரத்தில் எவன் காதில் எது ஏறும்?

தன் ஊருக்குத் திரும்பி, ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினான். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். சத்தத்தைக் கடைசிவரை கூட்டினான். அடி விழுந்தது. முதுகில் சீட்டு அதிர்ந்தது, நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அடுத்த அடி, அதற்கடுத்த அடி. தலைகால் புரியாத சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டான். மேளத்தின் கணீரென்ற சத்தமெல்லாம் கண்ணாடிக்குள் அடங்கிவிடும், ஆனால் அந்த அடி மட்டும் வெளியே போகும், தரை வழியாகவே ஊருக்குள் போகும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

கண்ணைத் திறந்தபோது கரைமேல் பெண்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

செருப்பில்லை. ஒருத்தி கையில் மாவு அப்படியே இருந்தது. ஒருத்தி இடுப்புப் பிள்ளையோடு ஓடிவந்தாள். எல்லார் முகமும் மேற்கே ஆலைகள் இருக்கிற பக்கம் திரும்பியிருந்தது. காளீஸ்வரன் வெடுக்கென்று சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினான். அந்த ஓட்டம் என்னவென்று அவனுக்குத் தெரியும். போன வருஷமும் இப்படித்தான் ஓடினார்கள்.

முன்னால் வந்தவள் முத்துமாரியம்மாள். அவன் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மூத்த மகளை அவன் வண்டியில்தான் கடைசியாகப் பார்த்தாள். சின்னவள் பொன்மணி இப்போது வேறோர் ஆலைக்குப் போகிறாள். உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

“காளி, வண்டிய எடுலே! எந்த ஆலைன்னு தெரியல. மரம் மறைக்கு, பொகையும் தெரியல. ஒண்ணு மாத்தி ஒண்ணு வெடிக்குதுலே!”

‘அது நான்தான் சித்தி’ என்று சொல்ல வேண்டியது அப்போதுதான். அதற்குள் அவர்களே பின்கதவைத் திறந்து ஏறிவிட்டார்கள். ஆலை வாசல் வரை கொண்டுபோய் விட்டால் ஒன்றுமில்லை என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள், தன் மானம் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டான். அழுகிற பெண்களைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த மடையன் போட்ட கணக்கு அது.

சாவியைத் திருப்பினான்.

அவர்கள் காலுக்கடியில் அதே அடி விழுந்தது. அடுத்த அடியும் விழுந்தது.

பதறிப்போய்ப் பெட்டியை அணைத்தான். பின்னால் அழுகை நின்றுபோயிருந்தது. முத்துமாரியம்மாள் இறங்கி ஜன்னலுக்கு வந்தாள்.

“என்னலே இது?”

“பாட்டுப்பெட்டி சித்தி. புதுசு.”

“அப்ப முன்ன கேட்டது?”

“நாந்தான்.”

கன்னத்தில் அறை விழும் என்று காத்திருந்தான். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நெசமாவா? ஆலையில ஒண்ணுமில்லையா? இன்னொருக்கா போடு.”

“வேணாம் சித்தி.”

“போடுலே. காதால கேட்டாத்தான் என் மனசு நம்பும்.”

போட்டான். ஒவ்வோர் அடிக்கும் அவள் தோள் தூக்கிப் போட்டது. ஆனாலும் போதும் என்று சொல்லாமல், தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டாள். பின்னால் ஒருத்தி, “நாசமாப் போவ! ஒனக்குப் புள்ள குட்டி இல்லையாலே?” என்று மண்ணை வாரி இறைத்தாள். அந்த ஏச்சைத் தாங்க முடிந்தது. முத்துமாரியம்மாள் மட்டும் மாவு காய்ந்த கையை ஜன்னலுக்குள் நீட்டி அவன் முகவாயைத் தொட்டாள்.

“நல்லவேளை, நீயா இருந்த சாமி.”

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். பூமி பிளந்து தன்னையும் அந்தப் பெட்டியையும் சேர்த்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

“சரி, எடு. இருந்தாலும் பொன்மணிய ஒரு கண்ணு பாத்துட்டு வந்துருவோம்” என்று அவள் மறுபடி பின்னால் ஏறிக்கொண்டாள். மற்றவர்களும் இறங்கவில்லை.

ஆலைச் சாலையில் மெதுவாக ஓட்டிப் போனான். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் வண்டியைப் பார்த்தார், பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தார். தடாலென்று இறங்கினார். முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையையும் நீட்டி மறித்து, “தம்பி, எந்த ஆலைப்பா?” என்றார்.

காளீஸ்வரன் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

“ஆலை இல்ல அண்ணாச்சி. நாந்தான்” என்றான்.