அவள் வெளியே உட்கார்ந்திருந்த கூட்டம்

நான் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவன். ஒரு விசில் ஊதினால் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவன்கூட அசையாமல் நிற்பான். இப்போது பல் தேய்த்துவிட்டு வந்தாலே உட்கார நாற்காலி தேடுகிறேன். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகிக்கொண்டே போகிற நோய். மூக்கில் குழாய், கூடவே சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டர். போன மழைக்காலத்தில்தான் நோயின் பெயரையே சொன்னார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டால், டாக்டர் ஒரு வருஷத்தைத் தாண்டிப் பேச மாட்டேன் என்கிறார்.

என் மனைவி மருந்து ஆராய்ச்சிக்காரி. அரசுக்கு யோசனை சொல்கிற குழு ஒன்றில் உறுப்பினர். எந்தப் புது மருந்தை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கலாம், எது வேண்டாம் என்று அந்தக் குழு சொல்லும். சுகாதாரத் துறை பெரும்பாலும் அந்தப் பேச்சைத் தட்டாது. குழுவில் யாரும் அரசு ஊழியர் இல்லை, மருந்துக் கம்பெனியிடம் கை நீட்டியவரும் இல்லை. அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் பயணச் செலவும் மத்தியானச் சாப்பாடும்தான். "அந்த ஆறிப்போன சாப்பாட்டுக்கா இப்படிக் கண்ணு போகப் படிக்கிற?" என்று கிண்டல் செய்வேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்ப்பாள். எனக்கு அந்தப் பார்வை ரொம்பப் பிடிக்கும்.

அன்றைக்குக் கூட்டத்தில் என் நோய்க்கான புது மருந்து வருவதாக இருந்தது. நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வேண்டாம் என்றாள். மூச்சுதான் போய்க்கொண்டிருந்தது, பிடிவாதம் எங்கேயும் போகவில்லை. கூட்ட அறைக்கு வெளியே வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு. எதிரே, காசு போட்டால் டீ கொட்டும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கல்யாண வீட்டுக்கு முதலில் வந்துவிட்டவனைப்போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மனது முழுக்க ஆசை. அதை மறைக்கவும் இல்லை.

உள்ளே போனவள் கதவு மூடின சூட்டோடு திரும்பி வந்துவிட்டாள்.

"என்ன, அதுக்குள்ள டீ டைமா?"

"இல்ல. சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்னத்த?"

"எங்க வீட்டுக்காரருக்கு இந்த நோய் இருக்குன்னு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த விதி எனக்கும் தெரியும். சொந்தக்காரருக்கோ வேண்டியவருக்கோ சம்பந்தமான மருந்து வந்தால், உறுப்பினர் எழுந்து சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். முன்பெல்லாம் கருத்துச் சொல்லிவிட்டுப் போகலாம், கை தூக்கும்போது மட்டும் இருக்கக் கூடாது. ஒரு தடவை, மச்சான் விற்கிற மருந்தைப் பற்றி ஒரு உறுப்பினர் தேனொழுகப் பேசிவிட்டு நல்ல பிள்ளையாக வெளியே போனார். உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். அதற்கு ஊரைக் கூட்டியவள் இவள்தான். பேசக் கூடாது, எழுதிக் கொடுக்கக் கூடாது, யார் மூலமும் சொல்லக் கூடாது என்று புது விதியைச் சண்டை போட்டுக் கொண்டுவந்தவளும் இவள்தான்.

"உனக்கு நான் பெருசா, ரூல் பெருசா?" என்றேன்.

கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். அது என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

"நான் செத்த பிறகு அந்த ரூலையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழு."

"மெதுவா. குழாய் நழுவுது பாருங்க" என்று சொல்லி, என் காதுக்குப் பின்னால் அதைச் சரிசெய்தாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. குழுத் தலைவர் முதலில் வந்தார். குழந்தை வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர், பூனைக்குட்டியைத் தடவுவதுபோலப் பேசுகிறவர். நேராக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், கவலையே படாதீங்க. பாஸ் பண்ணியாச்சு. ஒருத்தர் மறுத்துப் பேசல. மேடம் இத்தனை வருஷமா இந்தக் குழுவுக்காக மாடா உழைச்சிருக்காங்க. அவங்களுக்காக நாங்க இதுகூடச் செய்ய மாட்டோமா?"

பின்னால் வந்தவர்கள் எல்லாருக்கும் முகம் மலர்ந்திருந்தது. ஒரு அம்மாள் என் மனைவியைக் கட்டிக்கொண்டார். அந்தப் பிடிக்குள்ளிருந்தே அவள் கேட்டாள்.

"சார், என் பகுதியை யார் படிச்சது?"

பெரிய அறிக்கைகளைப் பங்கு போட்டுப் படிப்பது அவர்கள் வழக்கம். ஆளுக்கு ஒரு பகுதி. மருந்தின் பக்கவிளைவுகள் எப்போதும் இவள் பங்கு.

"நானே ஒரு பார்வை பார்த்துட்டேம்மா. எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

அவள் அழ ஆரம்பித்தாள். பொங்கிப் பொங்கி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான். அந்த டீ இயந்திரத்தைக்கூடக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு.

வாடகைக் காரில் வழியெல்லாம் நான் ஓயவில்லை. மாத்திரை எப்போது வரும், படியை ஒரே மூச்சில் ஏற முடியுமா, மறுபடி விசில் ஊதலாமா என்று இரும இருமக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி "ம்", "ம்" என்றாள்.

எங்கள் வீடு மாடியில். பாதிப் படியில் நான் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறாள். நான் அதில் உட்கார்ந்தேன். அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"இதை உங்ககிட்ட சொல்லக் கூடாது. ஆனா முழுங்கப் போறது நீங்க" என்றாள். "அந்த மருந்து வேலை செய்யாது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சோதனையில பாதியில நின்னவங்களைக் கணக்குலயே சேர்க்கல. ஈரல் கெட்டுப்போய் நின்னவங்க அவங்க. சில பேர் செத்தும் போயிட்டாங்க. அவங்களையும் சேர்த்துப் பார்த்தா, சாப்பிட்டவங்களும் சாப்பிடாதவங்களும் ஒண்ணுதான். ஈரல் போனதுதான் மிச்சம்."

"அப்போ நீ உள்ள இருந்திருந்தா?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன். உங்களுக்கு இந்த நோய்னு தெரியறதுக்கு முன்னாடியே படிச்சு முடிச்சுட்டேன். அவங்களும் பார்த்திருப்பாங்கன்னு நம்பித்தான் எந்திரிச்சு வந்தேன். நான் ஆசைப்படறேன்னு நெனச்சுத் தூக்கிக் கொடுத்துட்டாங்க."

வராந்தாவில் நான் வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டியது, என் மருந்துக்கு எதிராகப் பேசியிருக்கப் போகிறவளை. வேறு ஒரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு, போர்த்தியிருந்ததை யாரோ உருவிக்கொண்டதுபோல இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் என்னோடு மூச்சுப் பயிற்சிக்கு வருகிற பஸ் டிரைவர். செய்தி அதற்குள் வெளியே வந்துவிட்டது.

"அண்ணே! பாஸாயிடுச்சாமே! அண்ணிதான் காரணம்னு எனக்குத் தெரியும். என் பொண்டாட்டி அண்ணி கால்ல விழணுங்கறா."

"மெதுவாப் பேசுப்பா. மூச்சு வாங்குது உனக்கு" என்றேன்.

போனை வைத்தபோது அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"தலைவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லித் தொலையேன்" என்றேன்.

"அதைச் செய்யக் கூடாதுன்னு சொன்னதே நான்தான். இன்னிக்கு நான் பேசினா, நாளைக்கு எவனோட மச்சானோ இதையே காட்டிப் பேசுவான்."

"டிரைவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். எனக்கு எந்த ரூலும் கிடையாது."

அவள் தடுக்கவில்லை. "சொல்லுங்க. அவர் ஒருத்தர் தப்பிப்பார். முகம் தெரியாதவங்க எத்தனை பேர் இருக்காங்க? அவங்களுக்கெல்லாம் அந்த ரூம்லதான் சொல்லணும்."

"அந்த ரூம்ல மறுபடி எப்போ இதை எடுப்பாங்க?"

"புது மருந்துன்னா ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பார்ப்பாங்க."

நான் அவள் தலையில் கை வைத்தேன். வகிட்டில் நரை கூடியிருந்தது. இதையெல்லாம் எப்போது கவனித்தேன் நான்?

"அப்போ கவலைப்படாதே. அடுத்த தடவை நீ உள்ள உட்காரலாம்" என்றேன். "உன் வீட்டுல யாருக்கும் இந்த நோய் இருக்காது."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தப் பழைய பார்வை. பிறகு என் வாயைக் கையால் பொத்தினாள். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.