தேன் கலக்காத போத்தல்

ஜப்பான்காரன் சயாமில் போடும் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கிய பிறகு, எங்கள் பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் சர்க்கரை வியாதி திடீரென்று பெருகிப்போனது. அந்த நோய் இருப்பவனை ஜப்பான்காரன் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறான் என யாரோ சொல்லிவைத்தார்கள். அவ்வளவுதான், ஆம்பிளைகள் மூத்திரத்தில் காட்டுத்தேனைக் கலந்து போத்தலும் கையுமாகத் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசரிடம் ஓடினார்கள். அவர் நீல மருந்து ஊற்றிக் காய்ச்சுவார்; சர்க்கரை இருந்தால் அது செங்கல் நிறமாகும். முதலில் போன சின்னையாவும் இருளப்பனும் தப்பித்துக்கொண்டார்கள். பின்னால் போனவர்களைப் போத்தலின் பிசுபிசுப்பே காட்டிக்கொடுத்துவிட்டது.

அதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரர் பிச்சையை நான் அழைத்துப்போனேன். அவருக்கு நிஜமாகவே நோய். குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பார். ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்க்கும். மரவள்ளிக் கிழங்கைத் தின்று எல்லோரும் இளைத்தோம்தான். இவரோ எலும்பும் தோலுமாகிவிட்டார். டிரசர் குழந்தைவேலு போத்தலைக் கையில் வாங்கக்கூட இல்லை.

“நீயும் தேனா?” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்க கண்ணு முன்னாலயே, உங்க போத்தல்லயே இவரு ஒண்ணுக்குப் போவட்டும்லா. அப்பறம் பாருங்க!”

“மருந்து தீந்துபோச்சும்மா. எல்லாம் இந்தப் பொய்க்காரனுங்களுக்கே செலவாயிடுச்சு.”

“வேற வழியே இல்லியா?”

“ரத்தத்துல பாக்கலாம். அதுல எவனும் தேன் ஊத்த முடியாது. ஆனா அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“அப்ப அனுப்புங்க!”

“வெளியூர் போவ ஜப்பான்காரன்கிட்ட யாரு பாஸ் கேக்கறது? என் தலை போயிடும்.”

அவர் தலை பத்திரமாக இருக்க வேண்டும். என் புருஷன் எக்கேடு கெட்டால் என்ன! ‘உடம்பு நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தேன் கலந்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, உயிருக்குப் பயந்து செய்தார்கள். சோதிக்காமலேயே எழுதினாரே, அந்தக் கையை முறித்துப்போட வேண்டும் போலிருந்தது.

சயாம் போகும் ரயிலில் என் வீட்டுக்காரரை ஏற்றிவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் டிரசரே எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். ரயிலில் போகும் வழியில் என் வீட்டுக்காரர் மயங்கி விழுந்தாராம். அலோர் ஸ்டார் ஸ்டேஷனில் இறக்கிப் போட்டுவிட்டார்களாம். யாரோ புண்ணியவான்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக, அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை ஏகத்துக்கும் இருந்ததாம். காப்பாற்ற முடியவில்லையாம்.

“நீ சொன்னது நெசந்தாம்மா” என்றார் டிரசர்.

“நான் சொன்னப்பவே அது நெசந்தான்யா! அலோர் ஸ்டாருக்குப் போவ பாஸ் கேக்க முடியாதுன்னீங்களே, சயாம் ரயில்ல ஏத்துனப்ப எவன் பாஸ் கேட்டான்?”