அவளுக்கும் சேர்த்து அஞ்சு

கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துப் போட்டுவிட்டு மூன்றாம் நாளாகக் காத்துக் கிடந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எண்ணைப் பார்த்ததும் பஞ்சநதம் குவியலுக்கு அந்தப் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்தி என்ன, மோட்டார் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வள்ளியம்மைக்கு எல்லாம் கேட்டது.

சர்க்கரை நோயில் ஆண்மை போய், ஐந்து வருடம் முன்பு தஞ்சாவூரில் உறுப்புக்குள் கருவி வைத்து ஆபரேஷன் செய்துகொண்டவர் அவர். ஊருக்கு அது குடலிறக்க ஆபரேஷன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததன் பலன், பாரம் தூக்கக் கூடாதென்று பங்காளிகள் அவரை உட்காரவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மூட்டைக்குத் தோள் கொடுப்பவள் வள்ளியம்மைதான்.

கருவியைப் பற்றி அவளுக்குக் குறையில்லை. அதற்கு முன் இரண்டு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன் இந்தப் பக்கம் திரும்பினாரே, அதில் சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் நல்லா வேலை செய்யுதா என்றுதான் கேட்பார், புதிதாய் இறக்கிய மோட்டாரை விசாரிப்பது போல. உனக்கு எப்படி இருக்கு, இன்னைக்கு வேணுமா வேணாமா என்று ஒரு நாள்கூட வாயில் வந்ததில்லை. நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆபரேஷன் திருப்திதானா என்று விசாரிக்கக் கூப்பிட்ட நர்ஸ் ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க் போடச் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. கேட்டதற்கெல்லாம் அஞ்சு, அஞ்சு என்று அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அவளுக்கும் அஞ்சுதாம்மா. அவளக் கேட்டு என்ன ஆவப்போவுது, நான்தான் சொல்றேன்ல."

எந்தப் போகத்துக்கு எந்த நெல், மகள் பிரகதீஸ்வரிக்கு எந்த மாப்பிள்ளை, எல்லாம் அவளைக் கேட்காமல் ஆனதுதான். தொலையட்டும். இதையுமா? வள்ளியம்மை எழுந்துபோய்ப் போனைப் பிடுங்கினாள்.

அவளுக்குத் திருப்திதானா என்று நர்ஸ் கேட்டாள். அவ்வளவு சாதாரணமாகக் கேட்டதில் வள்ளியம்மை போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"வச்ச பொருள் நல்லாத்தாம்மா இருக்கு. அதுக்கு அஞ்சே போட்டுக்குங்க. இந்த மனுஷன் இத்தன வருஷத்துல என்னைய ஒரு வார்த்தை கேட்டதில்ல. அதுக்கு ஒங்க காயிதத்துல எடம் இருக்கா?"

பஞ்சநதம் யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அவளிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். என்ன கேட்பதென்று தெரியாமல், கணுக்கால்வரை நெல்லில் புதைந்த காலோடு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.